ஒன்பது பேருக்கு ஒரு கிளிப்பச்சைச் சட்டை

மதுரையில் ஒரு துணிக்கடையில் தம்பிக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. கடைக்காரர் ஒரு சட்டையை உதறி விரித்து, "பாம்பே மாடல்மா, நேத்துதான் ஃப்ளைட்ல வந்து இறங்குச்சு" என்றார். சட்டையின் உள்மடிப்பில் நீலச் சாக்கட்டியால் ஒரு மீன் வரைந்திருந்தது. அந்த மீனை எனக்குத் தெரியும். புதியம்புத்தூரில் அப்பாவுக்குப் பழக்கமான ஓர் அண்ணாச்சி ரெடிமேட் தையல்கூடம் வைத்திருந்தார். அங்கே தைக்கும் அக்கா ஒருத்தி, தான் தைத்த கட்டு எது என்று தெரிவதற்காகப் போடும் குறி அது.

"இது புதியம்புத்தூர்ல தைச்சதுல்லா?" என்றேன்.

கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா. குறைச்சுப் போட்டுத் தாரேன்."

கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. பாம்பேயிலிருந்து வந்ததென்று சொல்லி விற்கிற சட்டையை பாம்பேக்காரனுக்கே விற்றால் என்ன? இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் கடை போடலாம் என்று ஒரு தளம் அப்போது புதிதாக வந்திருந்தது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, வீட்டில் மின்விசிறி எத்தனையில் சுற்றுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த காலம். அப்பா வேறொரு ஆராய்ச்சியில் இருந்தார். மாமாவின் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டது. பொங்கல்வரை எனக்குத் தவணை. அதற்குள் சட்டை வியாபாரம் காலூன்றவில்லையென்றால், நான் மாமாவின் மேஜைக்கு எதிர்மேஜையில் உட்கார வேண்டும். மாமா நல்லவர்தான். ஆனால் நாள் முழுக்க விசிலடிப்பார், அதுவும் ஒரே பாட்டு.

அண்ணாச்சி சட்டை தரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"விக்காத சட்டைய எப்ப வேணாலும் திருப்பிக் கொண்டா தாயி. ஆனா ஒருத்தன் உடுத்தின சட்டை எங்கிட்ட வரப்பிடாது. சலவை செஞ்சு மடிச்சாலும் என் மூக்குக்குத் தெரியும்."

விற்பனைக்கு முதலில் படம் வேண்டும். தம்பி மாடலாக நிற்க மறுத்துவிட்டான். அதனால் தலையணைக்குச் சட்டை மாட்டிப் படம் எடுத்தேன். பிரவுசிங் சென்டரில் படத்தை ஏற்றிய மறுநாளே முதல் விசாரணை வந்தது: "தலையணையும் சேர்த்தா?"

அந்தத் தளத்தில் ஒரு சௌகரியம் இருந்தது, வாங்குகிறவருக்கு. பொருள் போய்ச் சேர்ந்து, அவர் திருப்தி என்று சொன்ன பிறகுதான் பணம் என் கைக்கு வரும். ஒரு வாரத்துக்குள் ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினால் பணம் அவருக்கே போய்விடும். இந்தியாவில் இத்தனை பேருக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் சட்டை தேவைப்படுகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஒரு சட்டை "நிறம் வேறு" என்று திரும்பி வந்தது. காலரில் சந்தனம். இன்னொன்று "துணி பிடிக்கவில்லை" என்று வந்தது. பையில் வெற்றிலைக் காம்பும் பாதிப் பாக்கும். பிடிக்காத துணியைப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, தாம்பூலம் வரைக்கும் பொறுத்திருக்கிறார் பாவம்.

இரண்டையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் சட்டையை மூக்கருகே கூடக் கொண்டுபோகவில்லை.

"ரசம்" என்றார். "இன்னும் ஒண்ணு இப்பிடி வந்துச்சுன்னா நீ மாமா ஆபீஸுக்குப் போயிரு தாயி."

அப்போதுதான் அந்தக் கிளிப்பச்சைச் சட்டைக்கு ஆர்டர் வந்தது. நெஞ்சில் வெள்ளிக் கோடு மின்னும், இருட்டிலும் தெரிகிற பச்சை. டெல்லி, கல்கத்தா என்று கனவு கண்டுகொண்டிருந்த எனக்கு வந்த விலாசம், நாகலாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் ஏறிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு மோர் குடித்து வந்திருக்கலாம். தளத்தின் விதிப்படி கூரியரில்தான் போக வேண்டும். சட்டை இங்கிருந்து மதுரை போய், மதுரையிலிருந்து எங்கள் ஊர் வழியாகவே நாகலாபுரம் போனது. விலை அட்டையில் ஆர்டர் எண்ணை என் கையால் எழுதியிருந்தேன்.

வாரம் முடிவதற்குள் சட்டை திரும்பி வந்துவிட்டது. காரணம்: "சைஸ் சரியில்லை."

பிரித்துப் பார்த்தேன். அட்டை அப்படியே இருந்தது. ஆனால் பொத்தான்கள் எல்லாம் நூலில் தொங்கின. கைமடிப்பு நாலு இடத்தில் நாலு விதமாகக் கசங்கியிருந்தது. காலரை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, இதுல தாழம்பூ பவுடர் இருக்கு, ரோஜா பவுடர் இருக்கு, பச்சப்பிள்ளைக்குப் போடுத பவுடரும் இருக்கு. ஒருத்தன் எதுக்குட்டி இத்தன பவுடர் போடுதான்?"

எனக்கும் விளங்கவில்லை. சட்டையைப் பீரோவுக்குள் ஒளித்து வைத்தேன். அண்ணாச்சியிடம் போனால் அன்றோடு கதை முடிந்தது.

விடை பஸ் ஸ்டாண்ட் எதிரே நின்றுகொண்டிருந்தது. ஃப்ளெக்ஸ் பேனர் பரவ ஆரம்பித்த வருடங்கள் அவை. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளையின் நண்பர்கள் பேனரில் வரிசையாக நின்று வாழ்த்துவார்கள். காய்கறி வாங்கப் போன இடத்தில் அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி, அங்கன பாரு. உன் சட்டை."

ஒரு சட்டை இல்லை. ஒன்பது சட்டைகள். ஒன்பது நண்பர்கள், ஒன்பது பேருக்கும் கிளிப்பச்சை, வெள்ளிக் கோடு. ஒருவனுக்குப் பொத்தான்கள் வெடிக்கப் பார்த்தன. ஒருவனுக்குக் கை விரல்நுனிவரை இறங்கியிருந்தது. ஒருவன் தோளில் சட்டை, கொடியில் காய்கிற மாதிரி கிடந்தது. கூலிங் கிளாஸும் ஒன்றேதான், காதில் வைத்திருந்த செல்போனும் ஒன்றேதான். ஒரே சட்டையை ஸ்டுடியோவில் மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்து, பேனரில் வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். நாலாவது ஆளின் காலரிலிருந்து விலை அட்டை வெளியே தொங்கியது. பேனர் அளவில் அது சிலேட்டு பெரிசு. அதில் என் கையெழுத்து. அவ்வளவு பெரிய எழுத்தில் நான் அதற்குமுன் எங்கும் வந்ததில்லை.

பேனரைப் படம் எடுத்துக்கொண்டு நேரே பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ஆதாரத்தோடு தளத்துக்குப் புகார் அனுப்பினேன். மறுநாள் சுத்தமான ஆங்கிலத்தில் பதில் வந்திருந்தது. படத்தில் ஒன்பது சட்டைகள் காணப்படுகின்றன, தாங்கள் விற்றது ஒன்று, எனவே இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று.

பேனரில் மண்டபத்தின் பெயரும் நேரமும் தெளிவாகப் போட்டிருந்தது. பெண் எங்கள் ஊராம். "கல்யாணத்துக்குப் போறோம்" என்றேன் அம்மாவிடம்.

"யாருன்னே தெரியாத வீட்டுக்கா?"

"அனைவரும் வருகன்னு போட்டிருக்குல்லா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு பட்டுச்சேலை எடுக்கப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் நல்ல மழை. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டதால் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இரண்டு அங்குலம் உயரமாக மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். நண்பர்கள் ஆளுக்கொரு நிறத்தில் வந்திருந்தார்கள். கிளிப்பச்சை மட்டும் இல்லை, அது என் பையில் இருந்தது. ஆர்டரில் இருந்த செல் நம்பரை அழுத்தினேன். எனக்கு நேர் முன்னால் நின்றவனின் பை கதறியது.

"ஹலோ, யாரு?"

"சட்டைக்காரி. உங்களுக்குப் பின்னாலதான் நிக்கேன்."

திரும்பினான். பேனரின் நாலாவது ஆள். கொஞ்சமாவது திடுக்கிடுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா! வாங்க வாங்க! சாப்பிட்டாச்சா?"

"சைஸ் சரியில்லன்னு திருப்பி அனுப்பினீங்களே. யாருக்குச் சரியில்ல?"

"எட்டுப் பேருக்குச் சரியில்லக்கா. ஏலே, இங்கன வா!" பேனரில் வெடிக்கப் பார்த்தவன் பக்கவாட்டில் நடந்து வந்தான். "இவன் மாட்டினதும் மூச்சே விடல. அந்தா நிக்கானே, அவனுக்கு முதுகுல துணி மாட்டுத கிளிப்பப் போட்டுத்தான் படமே எடுத்தோம். நாங்க என்ன பொய்யா சொன்னோம்?"

"மிச்சம் ஒரு ஆளுக்கு?"

"அது நான். எனக்குக் கச்சிதமா இருந்துச்சு. நல்ல தையல்க்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் தோழி ஒருத்தி அங்கே வந்தாள்.

"என்னண்ணே, பேனர்ல கிளியா நின்னீங்க, நேர்ல றெக்க எல்லாம் உதுந்துபோச்சா? சாயங்காலம் ரிசப்ஷன்ல உங்க எல்லாரையும் பச்சைச் சட்டையில பாக்கணும்னு பொண்ணு சொல்லிட்டா. இல்லன்னா ஒருத்தனும் போட்டோவுக்கு மேடை ஏறப்பிடாதாம்."

நாலாவது ஆளின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. அவள் போனதும் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா..."

"கையில காசு. திருப்பி அனுப்புத வேலையெல்லாம் கிடையாது."

"சத்தியமா இல்லக்கா."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "கிளிப்பச்சை எத்தனை இருக்கு அண்ணாச்சி?"

"ஏன், அதுவும் திரும்பி வந்துட்டா?"

விஷயத்தைச் சொன்னதும், எட்டுதான் இருக்கிறது, தானே வேனில் கொண்டுவருவதாகச் சொன்னார். நாலு மணிக்கு வந்தவர், ஒன்பது பேரையும் நிறுத்திவைத்துக் கண்ணாலேயே அளந்தார். பெரிய உடம்புக்காரனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நம்ம கட்டர் அளவு தப்பி வெட்டினது ஒண்ணு ரொம்ப நாளாக் கிடக்கு. யாருக்குத்தான் ஆகும்னு பாத்தேன். வா ராசா!"

எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள். மிஞ்சியது நாலாவது ஆள். பையிலிருந்து அவனுடைய சட்டையையே எடுத்து நீட்டினேன், முந்தின நாள் பொத்தான்களை இறுக்கித் தைத்திருந்தேன். அண்ணாச்சி மூக்கைச் சுருக்கினார்.

"இது உடுத்தினதுல்லா?"

"உடுத்தினவருக்கேதான் போகுது அண்ணாச்சி."

அவரே சட்டையை வாங்கி அவனுக்கு மாட்டிவிட்டார். பூக்காரம்மாவிடம் கத்தரி வாங்கி, ஒன்பது பேரையும் குனியச் சொல்லி, ஒன்பது அட்டைகளையும் நானே வெட்டினேன். முடிவெட்ட வந்தவர்கள் போல அடக்கமாக நின்றார்கள். மேடையில் அவர்கள் ஏறியபோது பெண்ணே கைதட்டினாள். வீடியோக்காரர் மட்டும், பச்சை கண்ணைக் கூசுகிறதென்று விளக்கைக் குறைத்தார்.

பந்தியில் அண்ணாச்சி எனக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மாவுக்கு அது இரண்டாவது பந்தி.

"இன்னைக்குத் தப்பிச்ச தாயி" என்றார் அண்ணாச்சி. "ஆனா தினமும் நாம கல்யாணவீட்டுல போய் நிக்க முடியுமா? திரும்பி வராத சரக்கு ஒண்ணு சொல்லு, இன்டர்நெட்டுல விக்கத் தாரேன். இல்லன்னா மாமா ஆபீஸ்தான்."

நான் பந்தியைப் பார்த்தேன். ஒல்லி, குண்டு, குட்டை, நெட்டை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தொந்தி மேஜையைத் தொட்டது. அவர் பக்கத்தில் ஈர்க்குச்சி மாதிரி ஒருவர். இரண்டு பேரும் வேட்டியில் இருந்தார்கள், இருவருக்கும் பொருத்தமாக இருந்தது.

"வேட்டி!" என்று கத்திவிட்டேன். "வேட்டிக்கு சைஸே கிடையாது அண்ணாச்சி! சைஸ் சரியில்லன்னு எவன் சொல்லுவான்?"

"கரை கலரு சரியில்லம்பான்" என்றாள் அம்மா, பாயசத்திலிருந்து தலை தூக்காமல்.

"அப்போ கரையில்லாத வேட்டி."

"அதுக்குப் பேரு துணி" என்றார் அண்ணாச்சி. ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை. அப்பளத்தை நொறுக்கியபடி, "திங்கக்கிழம பத்து உருப்படி எடுத்துத் தாரேன், போட்டுப் பாரு" என்றார்.

இனி ஒரே ஒரு சிக்கல்தான். திங்கட்கிழமைக்குள், தலையணைக்கு எப்படி வேட்டி கட்டி நிற்கவைப்பது என்று கண்டுபிடிக்க வேண்டும்.