அலகு குத்தாத தைப்பூசம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் அறுபதுகளின் தொடக்கத்திலேயே சிங்கப்பூர் தேக்காவில் சொந்த லாரி ஓட்டினேன். லாரி வாங்கினால் ஐந்து வருஷம் அலகு குத்தி காவடி எடுப்பதாக முருகனிடம் வேண்டியிருந்தேன். நாலு வருஷம் நாக்கில் வேல் ஏறியது, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. ரத்தம் வந்தால் விரதத்தில் குறை என்று ஊர் பேசும். என்னை அப்படிப் பேச எவனுக்கும் வாய் வரவில்லை.

ஐந்தாம் வருஷம், விரத நேரத்தில் பாலம் தாண்டி ஜொகூர் காட்டுக்கு மரம் ஏற்றப் போய் குளிர்காய்ச்சலோடு திரும்பினேன். மலேரியா என்றார் எங்கள் தமிழ் டாக்டர். மாத்திரையில் காய்ச்சல் விட்டது. பூசம் நெருங்கிய சமயத்தில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, அலகு வேண்டாம் என்றார்.

"காய்ச்சல்தான் போயிருச்சே டாக்டர்."

"காய்ச்சல் போச்சு. ஆனா காயத்தை அடைக்கிற தட்டணு உங்க ரத்தத்துல ரொம்பக் குறைஞ்சிருக்கு. மலேரியா வந்தா அப்படித்தான். தானா ஏறிடும், இன்னும் ஏறல. இப்பக் குத்துனா ரத்தம் நிக்காமப் போகலாம்."

காலையில் சவரத்தில் பட்ட கீறலைக் காட்டினேன். உடனே நின்றிருந்தது. சின்னக் கீறல் வேறு, நாக்கைத் துளைப்பது வேறு என்றார். குறைந்திருந்தும் ரத்தம் கொட்டாதவர்கள் உண்டாம், ஆனால் அதை நம்பி வேல் குத்த முடியாதாம். எண்ணெய் குறைந்தால் என் லாரி சத்தம் போடும். இந்த உடம்பு சத்தமே போடவில்லையே!

வருஷாவருஷம் எனக்கு அலகு குத்தும் பெரியவரிடம் ஓடினேன். முருகன் பார்த்துக்கொள்வான் என்று அவராவது சொல்வார் என நினைத்தேன்.

"டாக்டர் வேணாம்னா நான் தொடமாட்டேன்லா. ரத்தம் நிக்கலன்னா கெட்ட பேரு முருகனுக்கா, எனக்கா?"

வீட்டில் மனைவி சுருக்கமாக முடித்தாள். "பால்குடம் எடுங்க. அவரு உங்க நாக்கையா கேட்டாரு?"

நான்தான் நாக்கைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். கணக்கு எப்படி நேராகும் என்று புரியாமலே பால்குடத்தோடு நடந்தேன். வழியில் இன்னொரு லாரிக்காரன், "என்னண்ணே, இந்த வருஷம் பால் யாவாரமா?" என்றான். தட்டணுவைப் பற்றி விளக்கினேன். அவன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் பயந்துவிட்டேன் என்று தேக்கா முழுக்கச் சொல்லிவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்துச் சோதித்தபோது எல்லாம் ஏறியிருந்தது. பால்குடம் எடுத்ததால்தானே என்று கேட்டேன். மலேரியா போனதால் என்றார் டாக்டர். நான் மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அடுத்த வருஷம் ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் போனேன். காவடி இறக்கி நாக்கிலிருந்து வேலை உருவியதும் ரத்தம் வந்தது. தாடையில் வழிந்து மார்பில் சொட்டியது. லாரிக்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். பெரியவர் திருநீற்றை வைத்து அழுத்தினார், நின்றுவிட்டது.

மறுநாளே டாக்டரிடம் போய், குறைவாக இருந்தபோது சவரக் கீறல்கூட உடனே நின்றதே, நிறைய இருக்கும்போது இப்படி வழிவானேன் என்று சண்டை போட்டேன்.

"வேல் ஏதாவது ரத்தக்குழாய்ல பட்டிருக்கும். அழுத்துனதும் நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு."

"அது நிக்கத்தான் தட்டணு வேணும்."

லாரிக்காரனிடம் இதை அப்படியே சொன்னேன். விரதத்தில் என்ன குறை என்றுதான் அவன் திரும்பவும் கேட்டான். ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரு வருஷம் விட்டு, ஐந்தாவது அலகில் ரத்தமும் வந்த பிறகு வேண்டுதல் முடிந்ததா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.