அம்மன் அனுமதித்த வேட்பாளர்கள்

சாமியின் பெயரால் நடக்கும் ஒரு நாட்டில் தேர்தலும் வைத்தால் அது ஜனநாயகமா என்று எங்கள் சங்கத்து இளைஞர்கள் போன வாரம் தொண்டை வற்ற விவாதித்தார்கள். அப்படி ஒரு நாட்டில் நான் தேர்தல் அதிகாரியாகவே இருந்தவன். மலாயாவில், கோலா பிலா சாலையில் ஒரு ரப்பர் தோட்டம் அது. சுற்றிலும் முள்வேலி, கேட்டில் காவல், உள்ளே மாரியம்மன். வெள்ளைக்கார ஆட்சி அறிவித்திருந்த அவசரகாலம். நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவன்.

காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, பாலெடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகத் தடை. விடியலில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தால் மத்தியானம் திரும்பும்வரை வெறும் வயிறு. ஐந்து மாதக் கர்ப்பிணி பச்சையம்மா ஒருநாள் மலைச்சரிவில் மயங்கி விழுந்தாள். அவள் நாத்தனார் அஞ்சலை தோட்ட மேனேஜர் வெள்ளைக்காரத் துரையிடமே நேரில் போய், காவல் போட்டு ஒரு லாரியில் ஒன்பது மணிக்குக் கஞ்சி அனுப்பச் சொல்லிக் கேட்டாள். துரை நல்லவர். தொழிலாளர் கமிட்டிக்குத் தேர்தல் வரப்போகிறது, கமிட்டி கேட்டால் கொடுக்கிறேன் என்றார். அஞ்சலை அங்கேயே, தானும் கமிட்டிக்கு நிற்பதாகச் சொல்லிவிட்டாள்.

இதைக் கேட்டுப் பூசாரி ஆபீசுக்கு வந்தார்.

"ஆத்தா உத்தரவு இல்லாம இந்தத் தோட்டத்துல ஒரு கல்யாணம் நடக்குமா கிராணி? கமிட்டி மட்டும் நடந்துருமா?"

துரைக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. உள்ளூர் வழக்கத்தை மதிக்கிறாராம்.

ஆக, நிற்க விரும்புகிறவர்கள் கோயிலில் பூ கேட்க வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. பெரிய கங்காணிக்கும், அவர் மச்சானுக்கும், ஸ்டோர்காரருக்கும், பூசாரியின் மகனுக்கும் முதல் தடவையிலேயே வெள்ளை. இப்படி ஏழு பேர் தேறினார்கள். ஏழு பேரில் கத்தி பிடித்து மரம் வெட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. அம்மனுக்கு மரம் வெட்டுகிறவர்கள்மேல் அப்படி ஒரு கரிசனம், வேலைப்பளுவைக் கூட்ட மனமில்லை. பெயர் கொடுத்திருந்த, லாரி ஓட்டும் வேதக்காரர் சவரிமுத்துவையும் பூ கேட்கச் சொன்னார்கள். அவருடைய மாதாவுக்கு இந்த டிவிசனில் அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டு அவர் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அஞ்சலைக்கு மூன்று தடவையும் சிவப்பு.

ஐந்து இடத்துக்கு ஏழு பேர். போட்டி கடுமை என்று நான் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில். படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் ஆளுக்கொரு ரப்பர் விதை கொடுத்தோம். சாக்குத் திரைக்குப் பின்னால் ஏழு பால் டின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம். உள்ளே தனியாகப் போக வேண்டும், பிடித்தவர் டின்னில் விதையைப் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. இதைவிடச் சுத்தமான ரகசிய வாக்கெடுப்பை நான் பிறகு எங்குமே பார்த்ததில்லை.

சாயங்காலம் திரையை விலக்கினேன். ஏழு டின்களின் கடைசியில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது: அஞ்சலை. யார் கொண்டுவந்து வைத்தார்களோ தெரியாது. மூடியைத் திறந்தால் உள்ளே விதைகள். எல்லாவற்றையும் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். கங்காணிக்கு நாற்பத்தொன்று, அவர்தான் முதல். தூக்கில் நூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

துரையிடம் நூற்றுப் பன்னிரண்டு செல்லாத ஓட்டு என்று சொன்னேன். இவ்வளவா என்று வருத்தப்பட்டார். உங்கள் ஜனங்களுக்கு ஓட்டுப் போட இன்னும் பழக வேண்டும் என்றார். ஆமாம் துரை என்றேன். வேறென்ன சொல்வது, எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

மறுநாள் அஞ்சலை தூக்கை வாங்க வந்தாள்.

"என் தூக்குல எத்தன இருந்துச்சு கிராணி?"

"அது செல்லாதும்மா."

"செல்லுமான்னு கேக்கல. எத்தனைன்னு கேட்டேன்."

எண்ணவில்லை என்று பொய் சொன்னேன். வெறும் தூக்கை வாங்கிக்கொண்டு போனாள்.

புதிய கமிட்டி முதல் கூட்டத்தில், கோயில் பந்தலுக்குத் தகரம் கேட்டுத் துரைக்கு மனு எழுதியது. கஞ்சியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்கள் ஒன்பது மணிக்கு வீட்டில் சாப்பிடுகிறவர்கள். அடுத்த மாதம் பச்சையம்மா மறுபடியும் சரிவில் விழுந்தாள். இந்தத் தடவை பிள்ளை தங்கவில்லை.

அன்று சாயங்காலம் பச்சையம்மா படுத்திருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். அஞ்சலை வாசலிலேயே நின்றாள், உள்ளே வரச் சொல்லவில்லை. நூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"பத்து இருவது பேரு இருப்போம்னு நெனச்சோம். வேலி, காவலு, பூசாரின்னு பயந்து கெடந்தோம். அன்னைக்கே சொல்லியிருந்தா, கஞ்சி வராம நூத்திப் பன்னெண்டு பேரும் பெரட்டுலேருந்து நகந்திருக்க மாட்டோமே, கிராணி."

தம்பிகளே, எது ஜனநாயகம் என்று நீங்கள் பேசித் தீருங்கள். சிவப்புப் பூவை எடுத்தது பூசாரியின் கை. அந்த எண்ணிக்கையை மறைத்தது நான்.