அண்ணையோடு பார்த்த உள்ளூர் ஆட்டங்கள்

அண்ணை எங்கள் ஊரான குருநகரை விட்டுப் பிரான்சுக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. அதன்பிறகு அவர் எனக்குத் தொலைபேசியில் வரும் ஒரு குரல்தான். பல்கலைக்கழகம் முடித்து, விசா கிடைத்து நான் பாரிஸ் நகரில் இறங்கியபோது, "நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று யாரோ பெரிய மனுசியிடம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஆளுக்கொரு முதுகுப்பையோடு ரயிலில் ஊர் ஊராகப் போவதுதான் திட்டம். நான் பார்க்க நினைத்தவை தேவாலயங்களும் ஓவியக்கூடங்களும். அண்ணையோ எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் மைதானத்தைத் தேடுவார். பெரிய கழகங்களின் ஆட்டமல்ல. தபாற்காரரும் பேக்கரியில் பாண் போடுகிறவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடி விளையாடும் உதைபந்தாட்டம். ஸ்பெயினின் மலைக்கிராமம் ஒன்றில் பந்து சரிவில் உருண்டு போய்விட, அதை எடுத்துவரும்வரை இரண்டு அணியும் புல்லில் உட்கார்ந்திருந்தன. மழை வேறு.

"அண்ணை, உங்களுக்கு விசரோ?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "வந்த புதுசிலை பாசை தெரியாது, பிள்ளை. அறையிலை தனிய இருந்தா அழுகை வரும். பக்கத்திலை ஒரு கிறவுண்ட் இருந்தது. ஞாயிறிலை போய்ச் சனத்தோடை சேர்ந்து கத்துவன். தமிழிலைதான் கத்தினனான். ஒருத்தரும் ஏனெண்டு கேக்கயில்லை."

நான் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு போர்த்துக்கல்லில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்தோம். கோலுக்குப் பின்னால் நின்ற எங்களுக்கு ஒரு வயதான அம்மா பிளாஸ்டிக் இருக்கைகளை இழுத்துப்போட்டு, "கதேய்ரா, கதேய்ரா" என்றார். கதிரை! இருக்கைக்கு எங்கள் ஊரில் சொல்கிற அதே சொல். நான் உடனே அப்பாவை வீடியோவில் அழைத்துச் சொன்னேன். வீட்டில் அவர் இராச்சாப்பாட்டை முடித்திருந்தார்.

"அப்ப அது எங்கடை சொல்லுத்தானே," என்றவர், திரையில் ஆட்டத்தைக் கண்டதும் கதிரையை மறந்துவிட்டார். ஒருகாலத்தில் அவரும் எங்கள் தேவாலயப் பங்கின் அணியில் கோல் காத்தவர். "உந்தக் கீப்பர் ஏன் கோலுக்குள்ளையே நிக்கிறான்? முன்னுக்கு வரச்சொல்லு!"

அதே நேரம் அந்த அம்மாவும் எழுந்து கையை வீசி வீசிக் கத்தினார். கோல் விழுந்தது. அப்பா வாய்க்கு வந்தபடி ஏசினார்.

"அப்பா, பக்கத்திலை இருக்கிறது கீப்பரின்ரை தாய்போலை கிடக்கு," என்றேன்.

"தாயோ? ஐயோ, நான் பேசினதை மனிசிக்குச் சொல்லிப்போடாதை!"

உண்மையில் தாய்தான். ஆட்டம் முடிந்ததும் தோற்ற மகன் தலைகுனிந்து வந்தார். நாற்பது வயதாவது இருக்கும். அந்த அம்மா ஏசிக்கொண்டே அவருடைய முகத்துச் சேற்றைத் தன் சால்வையால் துடைத்தார். மகன் குனிந்து கொடுத்தார்.

அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் அம்மாவின் செத்தவீட்டுக்கு அவரால் வரமுடியவில்லை. அப்போது அவரிடம் வதிவிடப் பத்திரங்கள் இல்லை. பிறகு எல்லாம் கிடைத்தும், அம்மா இல்லாத வீட்டுக்கு வர மனம் வரவில்லை. அப்பா கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்பார்.

அப்பா இன்னும் திரையில் இருந்தார். அண்ணை என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். "அப்பா, நத்தாருக்கு நான் வாறன்."

நான் திரையை எட்டிப் பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வா, தம்பி," என்றார்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணை ஊருக்கு வந்தார். வந்த அன்று காலையே அப்பாவும் அவரும் அம்மாவைப் புதைத்த சேமக்காலைக்குப் போனார்கள். நான் அவர்களோடு போகவில்லை. பின்னேரம் கடற்கரை மைதானத்தில் ஆட்டம் இருந்தது. தேத்தண்ணியோடு நான் போனபோது, நடுவர் கொடுத்த தண்டனை உதை சரியா பிழையா என்று இருவரும் பெரிய சண்டையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் சண்டையை நிறுத்தாமலே ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள்.