மூன்றாம் வகுப்புக்கு வந்த வாழைத்தார்

என் மனைவி உறையூரில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஏப்ரல் மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் மூடும் நாளன்று, நான் என் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிடுவேன். அன்றைக்குப் பிள்ளைகள் கொடுக்கும் பரிசுகளை அவள் ஒருத்தியாக ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. பேனா, கைக்குட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் ரோஜா, தலைக்கு மாட்டும் கிளிப், சுவர்க் கடிகாரம், படம் அச்சடித்த காபிக் கோப்பை. எதையும் அவள் பரணில் போடுவதில்லை. கிளிப்பை மாட்டிக்கொள்வாள். கோப்பையில் காபி குடிப்போம். ‘உலகத்திலேயே சிறந்த ஆசிரியை’ என்று எழுதிய கோப்பையில் நானும் பல வருடமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை தானாக ஆசைப்பட்டுக் கொடுப்பது எதுவானாலும் வாங்கிக்கொள்வாள். பெரியவர்கள் யோசித்து வாங்கிய விலை உயர்ந்த பொருளைத் தொடமாட்டாள். இரண்டுக்கும் எப்படி வித்தியாசம் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். “குடுக்கும்போது பிள்ளை முகத்தைப் பாத்தா தெரிஞ்சுடுங்க” என்றாள்.

நான் சொல்ல வந்த வருடத்தில், நான் போய்ச் சேர்ந்தபோது, மைதானத்தில் அவள் ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கே.கே. நகரிலிருந்து காரில் பையனைக் கொண்டுவந்து விடுபவர். அவர் கையில் ஒரு சின்ன சிவப்புப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே வெள்ளியில் குங்குமச் சிமிழ்.

“எல்லா வருஷமும் எல்லா மிஸ்ஸுக்கும் குடுக்கறதுதான். யாரும் வேணாம்னு சொன்னதில்லை.”

“கோவிச்சுக்காதீங்க. நான் வாங்கறதில்லை. உங்க பையன் வரைஞ்ச கார்டு இருக்கே, அது போதுங்க.”

அந்த அம்மா பெட்டியை மூடினார். முகம் சிவந்துவிட்டது. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். இவளுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. கார் கிளம்பும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. ஒருவர் தோளில் முழு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். அவர் சட்டை நுனியைப் பிடித்தபடி ஒரு சிறுமி. அவரை எனக்குத் தெரியாது, ஆனால் பெண்ணைப் பற்றி வீட்டில் கேட்டிருக்கிறேன்.

அவர் தொட்டியத்தில் வாழை விவசாயம் செய்பவர். மனைவிக்குத் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்ததால், அம்மாவும் பெண்ணும் உறையூரில் வாடகைக்கு வந்திருந்தார்கள். பெண் வருட நடுவில் வந்து சேர்ந்தவள். பழைய பள்ளியில் ‘கவனம் இல்லாத குழந்தை’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்த புதிதில் இங்கேயும் அப்படித்தான். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். என் மனைவி சில நாள் அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள். வலது பக்கமாகக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. மழை பெய்யும் நாட்களில் எந்தப் பக்கமும் கேட்பதில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னாள். டாக்டர் என்றதும் அப்பா பயந்துவிட்டார். அதனால் ஒரு சனிக்கிழமை இவளே அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காதில் பழைய சீழ்ப்புண். மருந்து, மாத்திரை, கொஞ்ச காலம் அலைச்சல். அப்புறம் கேட்க ஆரம்பித்தது. முழுப் பரீட்சையில் அந்தப் பெண் வகுப்பில் யாருக்கும் குறைந்தவளில்லை. இதை என்னிடம் என் மனைவி சொன்னது ஏதோ பேச்சுவாக்கில்தான்.

அப்பா தாரைக் கீழே இறக்கி வைத்தார்.

“நம்ம தோட்டத்துப் பூவன், மிஸ். இந்தத் தார் உங்களுக்குன்னே மரத்துல விட்டு வெச்சிருந்தேன்.”

“ஐயோ, இத எப்படிங்க கொண்டு வந்தீங்க?”

“பஸ்லதாங்க. பின் சீட்டுகிட்ட நிறுத்திக்கன்னு கண்டக்டர் சொல்லிட்டாரு.”

சற்று முன்னால் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தவள், இதை என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தாரைத் தட்டிக் காட்டி, “பழுத்ததும் நம்ம கிளாஸே சாப்பிடலாம் மிஸ்!” என்றாள்.

பள்ளி அன்றோடு முடிகிறது என்பதை அவள் யோசிக்கவில்லை. தாரோ பச்சைப்பசேலென்று இருந்தது.

“சரி, வாங்கிக்கறேன்” என்றாள் என் மனைவி. “ஆனா இவ சொன்ன மாதிரி எல்லாப் பிள்ளைங்களுக்கும் குடுத்துடுவேன். உங்களுக்குச் சம்மதமா?”

அவர் சிரித்தார். “குடுத்ததுக்கு அப்புறம் உங்க இஷ்டம் மிஸ்.”

எல்லாருக்கும் கொடுப்பேன் என்று அவள் சொன்னதை ஒரு மரியாதைப் பேச்சு என்றே நான் நினைத்தேன்.

தாரை என் ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்தி, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். காவிரிப் பாலத்தில் பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர், “அண்ணே, எந்த மண்டபத்துல கல்யாணம்?” என்று கேட்டார். பின்னால் அவளுடைய ஸ்கூட்டரில் கடிகாரமும் கோப்பைகளும் வந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து, பால்கனியில் துணிக்கொடி கட்டியிருந்த கொக்கியில் தாரைத் தொங்கவிட்டோம்.

சில நாட்களில் மேல் சீப்பு மஞ்சளானது. வீடு முழுக்க வாழைப்பழ வாசனை. காலையில் காபியோடு வந்து தாரையே பார்த்துக்கொண்டு நின்றவள், போனை எடுத்து வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். ‘இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போகலாமா?’

அதோடு ஆரம்பித்தது. போன் ஓயவே இல்லை.

“மிஸ், ஃபெயிலா மிஸ்?”

“இல்லைங்க, எல்லாரும் பாஸ்.”

“பின்ன எதுக்கு மிஸ் வீட்டுக்கு வரீங்க?”

“பழம் குடுக்க.”

“பழமா?” என்று அந்தப் பக்கம் இன்னொரு தடவை கேட்பார்கள்.

“இந்த வெயில்ல ஊரெல்லாம் சுத்தணுமா?” என்றேன் நான். “அக்கம்பக்கத்துல குடுத்துட்டா ஆச்சு.”

“அது கிளாஸுக்கு வந்ததுங்க. அக்கம்பக்கத்துக்கு எப்படிக் குடுக்கறது?”

நான் சாவியை எடுத்தேன்.

மூன்று நாள் மாலை சுற்றினோம். பழுத்த சீப்புகளை மட்டும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு, நான் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வாள். முதல் வீடு உறையூரில் ஒரு சந்துக்குள். நாங்கள் உள்ளே போனபோது பையனைக் காணோம். “இப்பத்தான் இங்க இருந்தான் மிஸ்” என்று அவன் அம்மா தேடினார். கடைசியில் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான்.

என் மனைவி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கட்டிலோடு பேச ஆரம்பித்தாள்.

“நான் கணக்குக் கேக்க வரலடா.”

“பொய்.”

“சத்தியமா. வாழைப்பழம் கொண்டாந்திருக்கேன்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் தோல் வெளியே வந்தது. அப்புறம் அதே கை இன்னொன்றுக்காக வந்தது. அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கிளம்பும்போது என் மனைவி அவரிடம், “உங்க பையன் தினம் கடைசி ஆளாத்தான் கிளாஸ விட்டுப் போவான். லைட்டு, ஃபேனெல்லாம் அணைச்சுட்டுப் போவான். நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை” என்றாள். அந்த அம்மா கட்டிலையே பார்த்தார். “இவனா?” என்றார்.

பாலக்கரையில் ஒரு வீடு. வாசல் கதவில் குருத்தோலைச் சிலுவை ஒட்டியிருந்தது. அப்பா ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்பவர். மகளைப் பற்றி அவருக்கு ஒரே குறை, அவள் யாரோடும் பேசுவதில்லை என்று. “பேசமாட்டாதான்” என்றாள் என் மனைவி. “ஆனா யாராவது அழுதா, போய்ப் பக்கத்துல உக்காந்துக்குவா. ஒண்ணும் கேக்கமாட்டா. சும்மா உக்காந்திருப்பா. என் கிளாஸ்ல அழுகை நிக்கறது அவளாலதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று பழத்தைத் தோலோடு மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து வீடு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டிலும் அவள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பிள்ளையைப் பற்றி, பெற்றவர்களுக்கே தெரியாத ஒன்றைச் சொன்னாள். ஒரு வீட்டில் சொன்னதை இன்னொரு வீட்டில் சொல்லவில்லை. எதையும் யோசித்து எடுத்த மாதிரியும் இல்லை. என் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருபவருக்குக் காபி பிடிக்குமா டீ பிடிக்குமா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இவளோ ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைத் தனித்தனியாக மனசில் வைத்திருக்கிறாள். இத்தனை வருடம் கூடக் குடித்தனம் செய்தும், வகுப்பறைக்குள் அவள் யார் என்பது எனக்கு அந்த மூன்று மாலைகளில்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் கே.கே. நகர். வெள்ளிச் சிமிழ் கொண்டுவந்தவர் வீட்டுக்குப் போகவேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. “அந்தப் பையன் என்ன பண்ணினான்?” என்றாள் அவள். மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த அம்மா உட்காரச் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. பையன் ஓடிவந்து பழத்தை வாங்கி, அங்கேயே உரித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவர் எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டார்.

“வெள்ளி வேணாம்னீங்க. வாழைத்தார் மட்டும் வாங்கிக்கிட்டீங்களே மிஸ். கேள்விப்பட்டேன்.”

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. இவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

“நீங்க கேக்கறது சரிதாங்க. அன்னைக்கு நான் இன்னும் நல்லாச் சொல்லியிருக்கணும். நாலு பேர் நிக்கற இடத்துல அப்படித் திருப்பிக் குடுத்தது தப்பு.” பிறகு சொன்னாள்: “சிமிழை வாங்கிட்டா, தினம் குங்குமம் எடுக்கும்போது உங்க பையன் ஞாபகம் வரும். நல்லதுதான். ஆனா அடுத்த வருஷம் வராந்தாவுல அவன் தப்பு பண்ணினா, திட்டறதுக்கு எனக்கு வாய் வராதுங்க. எனக்கு என்னையத் தெரியும். வாழைப்பழம் தின்னா தீந்துடும்.”

அந்த அம்மா பையன் போன பக்கம் திரும்பிப் பார்த்தார். இவளே தொடர்ந்தாள். “உங்க பையனத் திட்டறதுக்கு எனக்கு உரிமை வேணுங்க. அவன் அவ்வளவு நல்ல பையன்.”

அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாத் திட்டுங்க மிஸ். நான் திட்டினா கேக்கறதில்ல” என்றார். பிறகு எங்களைக் கிளம்பவே விடவில்லை. காபி வந்தது, முறுக்கு வந்தது. அவர் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், பையனை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் எதையாவது கொடுத்தால்தான் பையனை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பயம் இருந்ததாக அவரே சொன்னார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முறுக்கைச் சத்தம் வராமல் கடிக்கப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கடைசியாக, தார் கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போனோம். ஜவுளிக்கடை முடிந்து அவள் அம்மா அப்போதுதான் வந்திருந்தார். பழத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு வேணாம் மிஸ். எங்க வீட்டுல தினம் இதான். சாக்லேட் இல்லையா?”

அவள் அம்மா அதட்டினார். என் மனைவி சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். என்னைப் பார்த்தாள். நான் தெருமுனைக் கடைக்குப் போய்ச் சாக்லேட் வாங்கிவந்தேன்.

திரும்பி வந்தபோது அந்த அம்மா, “நீங்க ஒண்ணு சாப்பிட்டீங்களா மிஸ்? அவர் அதத்தான் முதல்ல கேப்பாரு” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவள் விழித்தாள். வீட்டில் அதிலிருந்து ஒரு பழத்தைக்கூட அவள் தொடவில்லை. வகுப்புக்குப் பற்றாமல் போய்விடுமே என்று என்னையும் தொடவிடவில்லை. ஒன்றிரண்டு நான் எடுத்தது அவளுக்குத் தெரியாது.

அந்த அம்மா உடனே வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டார். தோட்டத்தில் வாழை மரங்களுக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது.

“மிஸ், பழம் எப்படி இருந்துச்சு?”

என் மனைவி பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, அவர் பார்க்க உரித்து, ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“இவ்வளவு நாள் சாப்பிடாம இருந்துட்டேனேங்க.”

“அடுத்த வெட்டுல இன்னொரு தார் அனுப்பறேன் மிஸ்!”

“வேணாங்க, வேணவே வேணாம்!” என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம். போனில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது பாலத்தில் நல்ல காற்று. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“மாம்பழச் சாலைப் பையன் வீடு மட்டும் நாம ரெண்டு தடவை போயும் பூட்டியே இருந்துது” என்றாள். “நாளைக்கு வந்துடுவாங்களாம்.”

“பழந்தான் தீந்துபோச்சே.”

“அதனால என்னங்க? அவனும் என் கிளாஸ்தானே.”

மறுநாள் சாயங்காலமும் போனோம்.