பின் ஸீட்டில் யாரும் இல்லை

தோல் வாங்கும் மதராஸ் கம்பெனி ஒன்றில் எனக்குச் சரக்குப் பார்க்கும் வேலை. வீடு ஆம்பூரில். மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரைக்கும் இருக்கிற தோல் ஷாப்புகளுக்குப் போய், அங்கே பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எது எந்தத் தரம் என்று சொல்ல வேண்டும். ரயிலுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடுகிறது என்று கம்பெனியார் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். முப்பதுகளின் தொடக்கம் அது.

வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். ரோட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நடுவே கப்பி, இரண்டு ஓரமும் மண், அதையடுத்துப் புளியமரங்கள். மாட்டு வண்டிகள் கப்பியின் மேல்தான் போகும். வண்டிக்காரர் பாரத்தின்மேல் துண்டை விரித்துத் தூங்குவார். மாடுகள் தாமாகவே ஊர் போய்ச் சேரும். ஹாரன் அடித்தால் வண்டிக்காரர் எழுந்திருக்க மாட்டார், மாடுகள்தான் மிரளும். அடிக்காமல் போனாலும் என் இஞ்சின் சத்தத்துக்கு மிரளும். எது மேல் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அன்றைக்கு மேல்விஷாரத்திலிருந்து ஆம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின் ஸீட்டில் என் சிநேகிதர், தோல் தரகர். விஷாரத்துக்காரர், என் வயதுதான். என்னைத் தோஸ்த் என்று கூப்பிடுவார். நான் அவரைப் பாய் என்பேன். சிவப்புத் துருக்கித் தொப்பி இல்லாமல் அவர் வாசற்படி தாண்டியதை நான் பார்த்ததில்லை. பள்ளிகொண்டாவில் வண்டியை நிறுத்திக் காப்பி குடித்தோம். பிறகு அவர் ஏறி உட்கார்ந்து, "போலாம் தோஸ்த்" என்றார். அப்படிச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

மாதனூர் வருவதற்கு முன்னால், ரோடு லேசாக வளையும் இடத்தில், ஆவாரம்பட்டை மூட்டைகளை மலைபோல ஏற்றிய வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. தோல் பதனிட ஷாப்புக்குப் போகிற பட்டை. மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் வலது பக்கம் ஒதுங்கி அதைத் தாண்டப் போனேன். அப்போது வளைவிலிருந்து மோட்டார் பஸ் வந்தது. பஸ்காரர் ஹாரனை அழுத்தினார். மாடுகள் மிரண்டு என் பக்கமாகத் திரும்பின. ஒரு பக்கம் வண்டிச் சக்கரம், மறு பக்கம் பஸ்ஸின் முகப்பு. நடுவில் இருந்த இடம் கண் எதிரிலேயே சுருங்கியது.

அதற்கப்புறம் என்ன செய்தேன்? பிரேக்கைப் பிடித்தேனா, வேகத்தைக் கூட்டினேனா? இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. புழுதி, பெட்ரோல் நெடி, யாரோ கத்தின சத்தம். அவ்வளவுதான் ஞாபகம். பிறகு பார்த்தால் எதிரில் வெறும் ரோடு. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதன்மேல் இருக்கிறேன்.

"தப்பிச்சோம் பாய்!" என்றேன். பதில் இல்லை. பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் பேசினால்தான் நடுக்கம் நிற்கும் போலிருந்தது. "பஸ்காரன் இன்னா வேகம் வர்றான் பாத்தீங்களா? மாட்டுக்காரன் தூங்கறான். நாம மட்டும் முழிச்சினு இருந்து இன்னா பிரயோஜனம்?" என்று பேசிக்கொண்டே போனேன். மாதனூரில் ஒரு கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, "எறங்குங்க பாய், மூஞ்சி கழுவலாம்" என்று திரும்பினேன்.

ஸீட்டில் யாரும் இல்லை.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் விசித்திரம். குழப்பம்தான் வந்தது. இவர் எங்கே இறங்கினார்? பள்ளிகொண்டாவில் ஏறினாரா, இல்லையா? அந்த "போலாம் தோஸ்த்" இன்றைக்குச் சொன்னதா, நேற்றைக்குச் சொன்னதா? கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவரிடம், "நான் வரும்போது என் பின்னாடி ஆள் இருந்தாரா?" என்று கேட்டேன். அவர் வாளியை அப்படியே விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

திரும்பிப் போனேன். பட்டை வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் இடித்து நின்றிருந்தது. பஸ் இல்லை. வண்டிக்காரர் மாடுகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்கூட ஒருத்தர் வந்தாரே, பாத்தியா?"

"உன்கூடயா? நீ ஒண்டியாதான்யா போன," என்றார் கோபமாக. "உன் வண்டி சத்தத்துல மாடு ரெண்டும் பிச்சிக்கினு ஓடிச்சி. சாவத் தெரிஞ்சேன்."

"நீ முழிச்சினா இருந்த?"

"முழிச்சினுதான் இருந்தேன்," என்றார். கன்னத்தில் கயிற்றுத் தடம் பதிந்திருந்தது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவே, கயிற்றில் மாட்டிக்கொண்டு, சிவப்புத் தொப்பி. வண்டிக்காரரும் பார்த்தார். அவர் பாரத்தின்மேல் ஏறி அதை எடுத்துக் கொடுத்தார். தொப்பி கசங்கவே இல்லை. அங்கே யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. ஒரு தொப்பி பறந்து மூட்டைமேல் போய் உட்காரலாம். ஆள் எங்கே போவார்?

கால்வாயில் இறங்கிப் பார்த்தேன். முள் புதரை விலக்கிப் பார்த்தேன். "பாய், பாய்" என்று கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரு வந்தீங்க. ஒர்த்தர்தான் போனீங்க," என்றாள்.

"இன்னொருத்தர்?"

"அத்த நான் பாக்கல. தூசி. பஸ்ஸு நின்னுச்சி. யாரோ ஏறினாங்க, அப்பால போய்ட்டுச்சி."

யாரோ ஏறினார்கள் என்றால் ஊர்க்காரர் யாரோ என்று நான் நினைத்தேன். தன் சிநேகிதனை விட்டுவிட்டு பாய் வந்த வழியே பஸ் ஏறிப் போவாரா? இப்போது யோசித்தால் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது. அன்றைக்கு அது என் புத்திக்கு எட்டவில்லை. மறுபடியும் கால்வாயில் இறங்கினேன். வண்டிக்காரரும் கோபத்தை மறந்துவிட்டுக் கூடவே தேடினார்.

கடைசியில் பள்ளிகொண்டாவுக்கே போனேன். காப்பிக் கடைக்காரர், "ரெண்டு பேரும் ஒண்ணாதானே போனீங்க?" என்றார். அப்பாடா என்றிருந்தது, எனக்குப் பைத்தியம் இல்லை. அப்படியானால் பாய்க்கு என்ன ஆயிற்று?

வேலூருக்குப் போய்ப் போலீஸில் சொல்லலாம் என்று கிளம்பினேன். வேலூரில் பஸ்கள் நிற்கிற இடத்தில் அதே பஸ் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து நின்றார்.

"சார், நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாரே!"

"யாரு சொன்னது?"

"ரோட்டுல கெடந்த பாய். உங்க வண்டி மாட்டு வண்டி அடியில பூந்துடுச்சின்னு அழுதார். மாட்டு வண்டி அதுக்குள்ள ஓடிடுச்சி. நாங்க எறங்கி ரோட்டுல பாத்தோம், ஒண்ணும் இல்ல. அவர் தோள்பட்டை தொங்குது. ஆஸ்பத்திரியில வுட்டுட்டு வர்றோம்."

ஆஸ்பத்திரியில் பாய் தோளில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி இல்லாமல் வேறு யாரோ போலிருந்தார். என்னைப் பார்த்ததும் உருதுவில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் சட்டையை நல்ல கையால் பிடித்து இழுத்து, முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"எங்கடா போன நீ?"

"நான் எங்கயும் போகல பாய். நீங்கதான் போய்ட்டீங்க."

"நானா? வண்டி உள்ள பூந்தப்போ நான் கயிறப் புடிச்சேன், மூட்டைக் கயிறு. ஏன் புடிச்சேன்னு தெரியாது. தொங்கினு இருந்தேன். பாத்தா கீழ வண்டியும் இல்ல, நீயும் இல்ல. மாடு ஓடுது. கை வுட்டுப்போச்சி."

"நான் உங்ககிட்ட மாதனூர் வரைக்கும் பேசினு போனேன்."

"என்கிட்டயா?"

"ஆமா."

அவர் சிரித்தார். தோள் வலித்ததால் பாதியில் நிறுத்தினார். பிறகு முகம் மாறியது. "தோஸ்த், ஒரு தப்பு நடந்து போச்சி. ரயிலுக்குப் போற ஒருத்தர்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். உங்க வூட்டுல சொல்லச் சொல்லி."

ரயிலை முந்த வேண்டும் என்று ஓடி வந்து வண்டியைக் கிளப்பினேன். ஊர் எல்லை தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. என் கை வேகத்தைக் கூட்ட மறுத்துவிட்டது. வண்டியின் பின்னாலேயே நடை வேகத்தில் போனேன். வண்டிக்காரரைக் கூப்பிட்டு எழுப்பி, அவர் கயிற்றைப் பிடித்துத் தலையாட்டிய பிறகுதான் தாண்டினேன். அடுத்த வண்டிக்கும் அப்படியே. மிரளுகிற மாடாக இருந்தால் இஞ்சினை நிறுத்தி இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். வீட்டில் எனக்காக அழுதுகொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும், அதற்கு மேல் வேகமாகப் போக என்னால் முடியவில்லை.

தெரு முனையிலேயே கூட்டம். எங்கள் சபையிலிருந்து போதகர்கூட வந்திருந்தார். நான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததும் எல்லாரும் வழி விட்டார்கள். உள்ளே என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டேன்," என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அப்ப யாருங்க செத்தது?" என்று கேட்டாள்.

"யாரும் சாகல."

"பாய்?"

"தோள்பட்டை மட்டும்."

வந்தவர்கள் போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். போதகர் ஜெபம் செய்தார். எதற்காக என்று அவருக்கே புரியாததுபோல நடுநடுவே நிறுத்தினார். எல்லாரும் போன பிறகு அவள் எனக்குச் சோறு போட்டாள். பாதியில் கையை நீட்டி என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் இடது கையால் சாப்பிட வேண்டியிருந்தது. விடச் சொல்ல மனம் வரவில்லை.

பாயின் தோள் சரியாகிப் பல வாரம் கழித்து, அதே சிவப்புத் தொப்பியோடு மறுபடியும் என்னோடு ஆம்பூருக்கு வந்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். எதிரில் மாட்டு வண்டி தெரிந்தால் முதுகில் தட்டுவார். நான் நிறுத்துவேன். அவர் இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, வண்டியைத் தாண்டி நடந்துபோய், அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் நிற்பார். நான் மெல்ல ஓட்டி வந்து ஏற்றிக்கொள்வேன். அன்றைக்குச் சந்தை நாள். ரோடு முழுக்க வண்டிகள். ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. தோல் ஷாப்பில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் சரக்குப் பார்க்க முடியாது. பாய் வாசலில் நின்று செருப்பிலிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டே, "பரவால்ல தோஸ்த், காலையில பாத்துக்கலாம்" என்றார்.