கழுத்துப் பட்டையோடு ஒரு மேனேஜர்

சவூதியின் ஜுபைலில் நான் வேலை பார்த்த ஆலைத் தொழிலாளர் கேம்ப்பின் தீயணைப்பு நிலையத்தில் ஒரு தீயணைப்பு வண்டியும் ஒரு ஆம்புலன்ஸும் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஆட்கள் நாங்கள் இருவர்தான்: நானும், பெஷாவரிலிருந்து வந்த டிரைவரும். மற்றவர்களில் சிலர் லீவில் போனார்கள், சிலர் கலாஸ், முடிந்தது என்று ஒரேயடியாகப் போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை. தீ என்றால் நான் தீயணைப்பு வீரன். நெஞ்சுவலி என்றால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு பாராமெடிக். இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிடக் கூடாது என்று டிரைவர் தொழுகையில் வேண்டிக்கொண்டார், நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். சட்டையில் இஸ்திரி மடிப்பு மாலைவரை கலையாது. ஆள் கேட்டுப் போனால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா" என்பார்.

ஒருநாள் காலை, ஆலையின் சவூதி பாதுகாப்பு அதிகாரி எங்கள் ஒத்திகையைப் பார்க்க வந்தார். காயம்பட்டவனாகப் படுக்க ஒரு ஆள் வேண்டும். கேம்ப்பில் எல்லோரும் சைட்டுக்குப் போயிருந்தார்கள்.

"சார், பேஷன்ட் யாரு?"

"யாராவது ஒருத்தர படுக்க வைப்பா."

"நீங்கதான் சார் இருக்கீங்க."

சுற்றுமுற்றும் பார்த்தார். "சரி, படுக்குறதுதானே" என்று டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மணலில் படுத்தார்.

மிகுந்த அக்கறையோடு அவருக்குச் சிகிச்சை செய்தேன். கழுத்துக்குப் பட்டை, முகத்துக்கு ஆக்சிஜன் மாஸ்க், மார்பிலும் காலிலும் வார்கள். அவ்வளவும் தேவையில்லைதான். டிரைவர் வேறு பக்கம் திரும்பி நின்று இருமினார். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்திய நிமிடம் வயர்லெஸ் அலறியது. கேம்ப் லாண்டரிக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் தீ. இது ஒத்திகை இல்லை.

"பாய், ஜல்தி!" என்று டிரைவர் தீயணைப்பு வண்டிக்கு ஓடினார். நான் ஆம்புலன்ஸை எடுத்தேன். பின்னாலிருந்து மாஸ்க் வழியாக ஏதோ குரல் கேட்டது. வார்களை அவிழ்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அவசரம் அவசரம்தானே.

லாரி அளவு தொட்டி. பழைய மெத்தைகளும் அட்டைப்பெட்டிகளும் கொழுந்துவிட்டு எரிந்தன. காற்று லாண்டரிப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் என் விளையாட்டுப் புத்தி ஓடிப்போயிற்று. டிரைவரால் பம்ப்பை விட்டு நகர முடியாது. தண்ணீர் வந்த வேகத்தில் குழாய் என்னைப் பின்னுக்குத் தள்ளியது. நுனியை அடைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடி வார்களை அவிழ்த்து மாஸ்க்கை எடுத்தேன்.

"சார், பின்னாடி ஒரு கை குடுங்க சார்!"

"நானா?"

"வேற யாரு சார் இருக்கா?"

அவர் இறங்கி ஓடி வந்தார். பட்டையைக் கழற்ற நேரமில்லை. குனியவும் திரும்பவும் முடியாமல், வானத்தைப் பார்த்தபடி எனக்குப் பின்னால் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டார். ஷூ நிறையத் தண்ணீர். "இடது பக்கம் சார்!" என்றால் உடம்போடு சேர்ந்து மொத்தமாகத் திரும்புவார். ஆனால் கையை விடவில்லை. லாண்டரிச் சுவர் கறுத்ததோடு தீ அடங்கியது.

எங்கள் பின்னாலேயே காரில் வந்த அதிகாரி வாய்பிளந்து நின்றார்.

"இவர் பேஷன்ட் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்க வைத்தியம் அப்படி சார், உடனே குணமாயிடும்" என்றார் டிரைவர், அரைகுறை அரபியில்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மற்ற ஆட்கள் எங்கே?"

"லீவு" என்றார் மேனேஜர்.

"எல்லோருமா?"

மேனேஜர் கரிபிடித்த கையைப் பார்க்க முயன்றார். பட்டை விடவில்லை. "ஆளே இல்லை சார்" என்றார். அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த மாதம் நேபாளத்திலிருந்து ஒருவரும் திருநெல்வேலியிலிருந்து ஒருவரும் வந்து சேர்ந்தார்கள். அன்று மதியம் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் எழுந்து ஓடவில்லை. எங்கள் ரூமில் இப்போது நாலு பேர், துணி காயப்போட இடமே இல்லை என்று டிரைவர்தான் அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.