உழைத்த முதுகும் ஊசி போட்ட முதுகும்

எங்கள் வீட்டில் இரண்டு முதுகுவலிகள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் கணவரின் அண்ணன் மனைவியுடையது. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். குடவாசல் பக்கத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். தஞ்சாவூரில் இருவரும் ஸ்கேன் எடுத்தபோது, இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு டிஸ்க் கறுத்துச் சப்பிப் போயிருந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கவேண்டியது காய்ந்துவிட்டது என்றார் டாக்டர்.

படத்தில் ஒன்றாக இருந்தது வீட்டில் ஒன்றாக இல்லை. அக்காவின் கணவர் சிங்கப்பூரில் இருப்பதால் நாற்றங்காலிலிருந்து அறுவடைவரை நிலத்தைப் பார்ப்பது அக்காதான். அதனால் அவருடையது உழைத்த முதுகு. எனக்குக் குழந்தை சிசேரியனில் பிறந்தது. அதனால் என்னுடையது ஊசி போட்ட முதுகு. ஆபரேஷனுக்கு முன் முதுகில் போடும் மயக்க ஊசியால் டிஸ்க் தேயாது என்று டாக்டர் சொன்னதை மாமியாரிடம் வந்து சொன்னேன்.

"அவரே ஊசி போடுறவரு. வேற என்ன சொல்லுவாரு?" என்றார் அத்தை.

என் எம்.எஸ்சி. படிப்பு அங்கே எடுபடவில்லை. அக்காவுக்கு வெந்நீர் ஒத்தடம் தானாக வந்தது. எனக்கு வேண்டுமென்றால் நானே போட்டுக்கொள்ள வேண்டும். வலியில்கூட அவர்தான் மூத்தவர்.

குழந்தையைத் தூக்க முடியாததுதான் என் கஷ்டம். தரையிலிருந்து அவளைத் தூக்கினால் இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல்வரை வெட்டி இழுக்கும். நான் கீழே உட்கார்ந்து, அவளாக நடந்து வந்து மடியில் ஏறினால்தான் உண்டு.

சென்னையில் ஓர் ஆய்வு நடப்பதாகத் தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். வேறொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, வளர்த்து, காய்ந்த டிஸ்க்குக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். பலன் உண்டா என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வே. சேருபவர்களில் சிலருக்குச் செல், சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. காசு கட்டினால் உடனே போடுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போய்விட வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

இருவரும் போனோம். நான் தேடித்தேடிப் படித்திருந்தேன். ரயிலில் அக்காவுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதும் நான்தான். அங்கே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னிடம், பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பால் நிறுத்திய பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாமோ என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு ஆய்வு ஊசி போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. குறுவை அறுவடை முடிந்த சமயம், அவர் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நெல் காய்வதைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் இடுப்பு எவ்வளவு சுலபமாக ஒருபக்கம் சாய்ந்து கொடுத்தது. அன்றிலிருந்து மகள் அவரிடம்தான் "தூக்கு" என்றாள். பசித்தால் என்னிடம் வருவாள். ஆனால் என்னைப் பார்த்துக் கை நீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம், அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது, வேப்பிலையை அரைத்தேன். இங்கே பால் மறக்கடிக்க அதைத்தான் மார்பில் தடவுவார்கள். இரண்டு வயதுவரை கொடுக்கலாம் என்று குழந்தை டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. தூக்கக்கூட முடியாத அம்மாவின் பால் எதற்கு என்றும் தோன்றியது. தடவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகள் வந்தாள், வாய் வைத்தாள், முகம் சுருங்கியது. அழவில்லை. என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். போனது யாரிடம் என்று தெரியும்.

அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முந்தானையால் அவள் வாயைத் துடைத்து முகர்ந்து பார்த்தார்.

"பால் மறக்கடிக்கிறியா?"

"அந்த ஆய்வுல சேரணும்க்கா."

"எனக்குப் போட்டது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"செல்லாத்தான் இருக்கும். இல்லன்னா இப்படித் தூக்குவீங்களா?"

"நீதானடி ரயில்ல சொன்ன, வெறும் உப்புத்தண்ணி போட்டாலும் சில பேருக்கு வலி கொறையும்னு. அவங்களக் கேட்டேன், ஆய்வு முடியிற வரைக்கும் சொல்ல மாட்டாங்களாம். இந்த வருஷம் நடவுக்கு நான் வயல்ல எறங்கல. அவங்க சொல்லிக்குடுத்த பயிற்சிய விடாம செய்யறேன். எதுல கொறஞ்சுதுன்னு எனக்கே தெரியல. காலையில எழுந்திருக்கறப்ப இன்னும் வலிக்கத்தான் செய்யுது. யாருகிட்டயும் சொல்றதில்ல."

இதைக் கேட்டு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. உப்புநீராகவே இருந்தாலும் அது எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் இருந்தது. மகள் அவர் தோளில் தலைசாய்த்தபடி, வேறு யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய்க் குழாயடியில் வேப்பிலையைக் கழுவினேன். இவள் தானாகப் பால் மறப்பதற்குள் ஆய்வில் ஆள் சேர்ப்பது முடிந்தாலும் முடிந்துவிடும். தப்பாக முடிவெடுக்கிறேனோ என்ற சந்தேகத்தோடேயே திரும்பி வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். இத்தனை மாதங்களில் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டேன்.

"அவளக் கொஞ்சம் எங்கிட்டத் தூக்கிக் குடுங்கக்கா."

அக்கா குனியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்து, முழங்காலை மடக்கி, மெல்ல இறங்கி அவளை என் மடியில் வைத்தார். மகள் முதலில் மோந்து பார்த்தாள். நம்பிக்கை வராமல் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குடிக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒருமுறை விட்டுவிட்டு, அக்கா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையும் எனக்கே வேண்டும் என்றிருந்தது.